இடுப்புக் கயிறு: சேலத்தில் 18 நாள் கோடிங் முன்பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு எட்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. திங்கட்கிழமை 24 பேரோடு தொடங்கிய பயிற்சி. வியாழக்கிழமை 16 பேர்தான் வந்திருந்தார்கள். மழை இல்லை, பஸ் ஸ்டிரைக் இல்லை, ஊரில் திருவிழாவும் இல்லை. வராதவர்கள் யாரும் தகவல் சொல்லவில்லை.

சேலம் ஐந்து ரோடு பக்கம், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் வாடகைக்கு எடுத்த ஹாலில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்திய கோடைப் பயிற்சியின் கதை இது. மூவருமே பல ஆண்டுகள் சென்னையிலும் பெங்களூரிலும் நிரல் எழுதிவிட்டு ஊர் திரும்பியவர்கள். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்துவிட்டு கோடிங் பள்ளியில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு, சேர்வதற்கு முன் மூன்று வாரம் தீவிரமாக ஓர் அறிமுகம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். திங்கள் முதல் சனி வரை, மொத்தம் 18 நாள். முதல் மூன்று நாளில் நாங்கள் செய்த தவறு, அதைத் திருத்திய விதம், திருத்த முடியாமல் போனவை எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் இதே வேலையை யாராவது தொடங்கினால் முதல் நாளிலிருந்தே சரியாகத் தொடங்கட்டும்.

பாரிஸிலிருந்து எடுத்தது

கோடிங் பள்ளி என்று நான் சொல்வது கல்லூரிப் பட்டம் கேட்காமல் நிரலாக்கத்தை முழுநேரமாகக் கற்றுத்தரும் இடங்களை. நம் மாநிலத்தில் பலருக்கும் தெரிந்த உதாரணம் ஜோஹோ ஸ்கூல்ஸ். ஏறக்குறைய 20 ஆண்டுகளாக பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதம் உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். உலக அளவில் அதிகம் பேசப்படுவது 2013-இல் பாரிஸில் சேவியர் நீல் தொடங்கிய '42' என்ற பள்ளி. அங்கே ஆசிரியர் கிடையாது, பாடவேளை கிடையாது, கட்டணமும் கிடையாது. பிறகு பல நாடுகளில் அதன் கிளைகள் வந்துவிட்டன.

அந்தப் பள்ளியில் சேர நான்கு வாரம் ஒரு முன்பயிற்சியைத் தாண்டியாக வேண்டும். அதன் பெயர் 'பிஸீன்'. பிரெஞ்சில் நீச்சல்குளம் என்று பொருள். முதல் நாளே கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, கணக்குகளைக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் சி என்ற நிரல் மொழியில். யாரும் சொல்லித்தர மாட்டார்கள். முடித்த வேலையைப் பக்கத்தில் இருப்பவர் வந்து, கேள்வி கேட்டு, மதிப்பெண் போடுவார். அப்புறம் ஓர் இயந்திரம் திருத்தும். வரிசையில் ஒரு கணக்கு தப்பானால் அத்தோடு நிறுத்திவிடும், அடுத்தடுத்த கணக்கு சரியாக இருந்தாலும் பார்க்காது. வெள்ளிக்கிழமை தேர்வு. ஒரு செயற்கூறு, அதாவது நிரலில் ஒரு வேலையைச் செய்யும் துண்டு, 25 வரியைத் தாண்டக்கூடாது என்பது போன்ற எழுத்துக் கட்டுப்பாடுகள் வேறு.

இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும். முதல் மூன்று நாள் அதை அப்படியே சேலத்தில் இறக்கினோம். தவறு அங்கேதான் தொடங்கியது.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். மாமாவோ சித்தப்பாவோ மேட்டிலிருந்து தள்ளிவிடுவார்கள். அந்தத் தள்ளல்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் தள்ளுவதற்கு முன்னால் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டியிருப்பார்கள். இடுப்பில் கயிறு இருக்கும். கயிற்றின் மறுமுனை படியில் நிற்பவர் கையில் இருக்கும். இன்னொருவர் ஏற்கெனவே தண்ணீருக்குள் இறங்கி நிற்பார். பாரிஸிலும் அந்தக் கயிறு இருக்கிறது: இடமும் வலமும் நூறு பேர், அவர்களிடம் கூச்சமில்லாமல் போய்க் கேட்கும் பழக்கம். நாங்கள் தள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டு கயிற்றை விட்டுவிட்டோம்.

வந்தவர்கள்

24 பேரில் 13 பெண்கள். கொண்டலாம்பட்டி, அம்மாபேட்டை, ஓமலூர், ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு தம்பி மட்டும் சேர்வராயன் மலையில் ஒரு காபித் தோட்டக் கிராமத்திலிருந்து. பெண் பிள்ளைகள் இத்தனை பேர் வர முடிந்ததற்கு 2021-இல் வந்த கட்டணமில்லா டவுன் பஸ் ஒரு முக்கியக் காரணம். தினமும் பஸ் காசு கேட்க வேண்டியதில்லை என்பதால் வீட்டில் பேச்சு சுலபமாக முடிந்தது என்று பல பிள்ளைகள் சொன்னார்கள்.

கணினி மொத்தம் 12. அதில் ஐந்து, 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் யாரோ ஓர் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்தவை. பேட்டரி போய், கீல் தளர்ந்து, பீரோ மேல் கிடந்தவற்றைத் துடைத்து, ரேம் கூட்டி, உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம். கேட்ட வேலையைச் செய்தன.

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். இரண்டும் நிரல் மொழிகள். கணினி அறிவியல் எடுத்தவர்கள் பைத்தானை ஏற்கெனவே படித்துத் தேர்வு எழுதியவர்கள் என்ற தைரியத்தில்தான் நாங்கள் திட்டம் போட்டிருந்தோம். வந்தவர்களில் ஒரு பெண் கணினி அறிவியலில் 98 மதிப்பெண். ரெக்கார்டு நோட்டு பார்க்க அச்சடித்தது போல இருந்தது. ஆனால் கோப்பை எங்கே சேமித்தோம், அதை எப்படித் திரும்பத் திறப்பது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. குறை அவளுடையது அல்ல. அவளுடைய கணினி அனுபவம் முழுவதும் செல்போன். செல்போனில் போட்டோ கேலரியில் இருக்கும், பாட்டு பாட்டுச் செயலியில் இருக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற எண்ணமே அதில் வராது. முதல் நாள் காலையிலேயே கறுப்புத் திரையைத் திறந்து, இந்த ஃபோல்டருக்குப் போ, அந்தக் கோப்பை நகர்த்து என்று தாளைக் கொடுத்துவிட்டு நாங்கள் ஒதுங்கி நின்றோம்.

இன்னொன்றையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தமிழ் வழியில் படித்தவர்கள் 'செயற்கூறு', 'மாறி', 'மடக்கு' என்று சொன்னார்கள். ஆங்கில வழியில் படித்தவர்கள் 'ஃபங்ஷன்', 'வேரியபிள்', 'லூப்' என்றார்கள். பொருள் ஒன்றுதான். ஆனால் பக்கத்துப் பெஞ்சில் பேசுவது தனக்குத் தெரியாத ஏதோ பெரிய விஷயம் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு சார்ட் அட்டையில் இரண்டையும் எதிரெதிரே எழுதிச் சுவரில் ஒட்டினோம். முதல் மூன்று நாளில் நாங்கள் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

எட்டு ஃபோன்

வியாழக்கிழமை மதியம் வகுப்பை இன்னொருவரிடம் விட்டுவிட்டு எட்டு பேருக்கும் ஃபோன் செய்தேன். முதல் மூன்று பேர் "ஊருக்கு வந்துட்டேங்க சார்" என்றார்கள். ஒருவருக்கு ஃபோனே போகவில்லை. ஐந்தாவதாக ஓமலூர்ப் பக்கத்துப் பெண். அவளும் முதலில் ஊருக்கு வந்ததாகத்தான் சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாருக்கும் வருதுங்கண்ணா, எனக்கு மட்டும்தான் வரல. சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கு எதுக்கு வரணும்னு இருந்துட்டேன்" என்றாள்.

அன்றைக்கு ஹாலில் இருந்த 16 பேரில் மூன்றாம் நாள் கணக்கை முழுதாக முடித்தவர்கள் இரண்டே பேர். இதை அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. மற்ற மூன்று பேரிடம் பேசியபோதும் வேறு வார்த்தைகளில் அதே பதில்தான் வந்தது. முதலில் பேசிய மூன்று பேரையும் திரும்ப அழைத்தேன். அதில் ஒருவனும் அதையே சொன்னான். சாயங்காலம் ஹாலில் இருந்த பிள்ளைகளிடம் சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல், இந்த மூன்று நாளில் என்ன தோன்றியது என்று எழுதச் சொன்னோம். பாதிக்கு மேல் சீட்டுகளில் அதே வாக்கியம்: எல்லோருக்கும் வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை.

அதாவது ஒரே ஹாலில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரும் தனியாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு பள்ளியில், தெரியவில்லை என்று கை தூக்கியவனுக்குப் பெரும்பாலும் திட்டோ சிரிப்போதான் கிடைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு வந்தவர்களிடம் "பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நாங்கள் நகர்ந்தால் அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? முன்பயிற்சியின் உண்மையான பாடம் நிரலாக்கம் அல்ல, மாட்டிக்கொண்டதை வெட்கமில்லாமல் வாய்விட்டுச் சொல்வது. இது எனக்கு அந்த வியாழக்கிழமைதான் புரிந்தது.

கேள்வி நோட்டு

வெள்ளிக்கிழமை காலை ஆளுக்கொரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தோம். விதி இதுதான். மாட்டிக்கொண்டால் 20 நிமிஷம் தனியாக முயற்சி செய். அதற்கு மேல் தனியாக உட்காரக் கூடாது. நோட்டை எடுத்து மூன்று விஷயம் எழுது: என்ன வர வேண்டும், என்ன வந்தது, என்னென்ன செய்து பார்த்தாய். எழுதிய நோட்டோடு பக்கத்தில் கேள். இரண்டு பேருக்கும் தெரியவில்லை என்றால் எங்களிடம் வா. வாயால் மட்டும் கேட்டால் பதில் கிடையாது, நோட்டைக் காட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் முதல், கடைசி பத்து நிமிஷம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து "இன்னைக்கு எங்க மாட்டினேன்" என்று ஆளுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும் என்று வைத்தோம். முதலில் நாங்கள் மூவரும் சொன்னோம். எனக்குச் சொல்வதற்கு அன்றைக்கு நல்ல விஷயமே இருந்தது. மதியம் ப்ரொஜெக்டரில் எல்லோர் முன்னாலும் சின்ன நிரல் ஒன்று எழுதப் போய், ஒரு வரியை ஓர் இடைவெளி உள்ளே தள்ளி எழுதிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தேடினேன். கடைசியில் கண்டுபிடித்தது ஆத்தூர்ப் பெண். பத்து வருஷம் இதே வேலை செய்தவர் தேடிக்கொண்டு நிற்பதை அவர்கள் பார்த்தது, நான் நடத்திய எந்தப் பாடத்தையும் விட அதிகம் வேலை செய்தது. அடுத்த நாளே பேச்சு மாறிவிட்டது. 'சார்' போய் 'அண்ணா' வந்ததும் அந்த வாரம்தான்.

நோட்டுகளை முடிவில் அவர்களிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஆய்வுக்கு ஆதாரம் என்று சொன்னால் அவைதான். ஒரு நோட்டிலிருந்து இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். ஐந்தாம் நாள்: "பிரிண்ட் வரல. சிவப்பா ஏதோ வருது." அவ்வளவுதான். பதின்மூன்றாம் நாள், அதே கையெழுத்து: "மொத்தம் 540 வரணும். 180 வருது. கடைசி ஆளோட கணக்கு மட்டும்தான் வருதுன்னு நினைக்கிறேன். மடக்குக்குள்ள மொத்தத்தை ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் ஆக்குறேனா?" கேள்விக்கு அடியில் பேனா மாறியிருக்கிறது. "ஆமா. வெளிய எடுத்தேன். வந்துருச்சு." இந்தக் கேள்வி யாரிடமும் போகவே இல்லை. எழுதி முடிக்கும்போதே விடை கிடைத்துவிட்டது. இப்படி எங்களிடம் வந்து சேராத கேள்விகள் மூன்றாம் வாரத்து நோட்டுகளில் நிறைய இருக்கின்றன.

தறிக்கூலி

கணக்குகளையும் மாற்றினோம். பிஸீனில் வருவது போன்ற எண் புதிர்களை நிறுத்திவிட்டு, வீட்டில் நடப்பதையே நிரலாக எழுதச் சொன்னோம். கொண்டலாம்பட்டிப் பெண் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. வாரக் கூலிக் கணக்கு எழுதினாள். எத்தனை மீட்டர் என்று நிரல் கேட்கும், மீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கிச் சொல்லும். சோதிப்பதற்கு வசதியாக மீட்டருக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டு 12 என்று தட்டினாள். திரையில் 121212 வந்தது.

பக்கத்துப் பையன் "பன்னெண்டு மீட்டருக்கு ஒரு லட்சத்து இருபத்தோராயிரமா?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நிரலை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவதுதான் அதுவரை எல்லோரும் செய்த வேலை. அவள் அதையும் செய்யவில்லை. ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு பிரிண்ட் போட்டு, மதிப்பு எங்கே வரை சரியாக வருகிறது, எங்கே கெடுகிறது என்று பார்த்துக்கொண்டே இறங்கினாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று அப்புறம் கேட்டேன். "பாவுல இழை அறுந்தா தறிய நிறுத்திட்டு அறுந்த இடத்தத்தானுங்கண்ணா தேடுவோம். மொத்தப் பாவையுமா மாத்துவாங்க?" என்றாள். சின்ன வயதிலிருந்து அப்பா பக்கத்தில் நின்று இழை பிடித்துக் கொடுத்த பெண். பிழை தேடும் முறையை நாங்கள் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவளிடம் அது ஏற்கெனவே இருந்தது.

காரணம் இதுதான். பைத்தானில் பயனர் தட்டுவது எதுவானாலும் எழுத்துச் சரமாக, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகத்தான் உள்ளே வரும். சரத்தை 3-ஆல் பெருக்கினால் அதையே மூன்று முறை ஒட்டி எழுதிவிடும். எண்ணாக மாற்றியதும் 36 வந்தது. அதற்குப் பிறகு சரத்துக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வகுப்பில் யாருக்கும் நான் திரும்ப விளக்கவே இல்லை. "பன்னெண்டு பன்னெண்டு பன்னெண்டு" என்றாலே போதும்.

இன்னொரு நாள் 'சேலம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டோம். நாம் சே, ல, ம் என்று மூன்று சொல்வோம். அது 5 என்றது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ச தனி, ஏகாரக் குறி தனி, ல, ம, அப்புறம் புள்ளி தனி. சொல்லைப் பின்னிருந்து திருப்பச் சொன்னால் புள்ளி அநாதையாக முன்னால் வந்து நின்றது, ஏகாரக் குறி லகரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. "மலேசியா வருதுண்ணா" என்று ஒருவன் கத்தினான். உயிர்க்குறியும் புள்ளியும் வந்தால் எண்ணாதே என்று இரண்டு பேர் சேர்ந்து ஒரு செயற்கூறு எழுதி 3 வரவைத்தார்கள். ஸ்ரீ வந்தால் என்ன செய்வது என்று அவர்களே அடுத்த கேள்வியையும் கேட்டுக்கொண்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தரும் யாருக்கும் இந்தக் கணக்கைச் சொல்வேன். ஒரு மதியம் முழுக்க இதற்கே கொடுக்கலாம்.

பத்தே முக்காலுக்கு வந்தவன்

மலைக் கிராமத்துத் தம்பிக்கு ஏற்காட்டிலிருந்து இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. அது மே மாதம். கோடை விழா நேரத்தில் மலைப்பாதையில் வண்டிகள் நெருக்கியடிக்கும். ஒரு நாள் கூட அவன் பத்தரைக்கு முன் வந்ததில்லை. முதல் வாரம் இது எங்களுக்குக் கவலையாக இருந்தது. காலை விளக்கம் முழுவதும் அவனுக்குப் போய்விடும்.

இரண்டு பேருக்கு ஒரு கணினி என்பதால் அவன் கூட்டாளி அம்மாபேட்டைப் பையன். தினமும் பத்தே முக்காலுக்கு, காலையில் நடந்ததை அவன் இவனுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லச் சொல்ல அம்மாபேட்டைப் பையன்தான் வகுப்பில் எல்லோரையும் விட வேகமாக முன்னேறினான். மலைக்காரத் தம்பிக்கு வீட்டில் கணினி இல்லை, சிக்னலும் சரியாகக் கிடைக்காது. அதனால் ராத்திரி தாளில் எழுதி வருவான். பஸ்ஸில் உட்கார்ந்து தாளிலேயே திருத்துவான். ஓட்டிப் பார்க்க வழியில்லாததால் ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவான். ஹாலில் தட்டும்போது பெரும்பாலும் முதல் தடவையே ஓடிவிடும்.

ஜோடியாக உட்காருவதில் ஒரு சிக்கலும் இருந்தது. ஆணும் பெண்ணுமாக இருந்த ஜோடிகளில் கீபோர்டு ஆண் பிள்ளை கையில்தான் இருந்தது. பெண் பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பாள், தப்பைச் சுட்டிக்காட்டுவாள், தட்ட மாட்டாள். எங்கள் மூவரில் ஒருவரான அக்காதான் இதை முதலில் கவனித்தார். எனக்கு அதுவரை கண்ணில் படவில்லை. வீட்டுச் சமையலறை டைமர் ஒன்றைக் கொண்டுவந்து 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும்படி வைத்தார். மணி அடித்தால் கை மாற வேண்டும், வரி பாதியில் நின்றாலும் சரி. முப்பது ரூபாய்க்கு வாங்கிய கேள்வி நோட்டுக்கு அடுத்து எங்களுக்கு அதிகம் உதவிய பொருள் அந்த டைமர்.

ஃபோனில் வரும் விடை

ஒன்பதாம் நாள் இரண்டு ஜோடிகளின் நிரல் ஒரே மாதிரி இருந்தது. பைத்தானில் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இரண்டிலும் 'கூலி' என்பது 'கூளி' என்று இருந்தது. திட்டவில்லை. பிஸீனில் செய்வது போலவே, மற்றவர்கள் முன்னால் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று விளக்கச் சொன்னோம். எழுதிய ஜோடி விளக்கியது. எடுத்த ஜோடி நான்காம் வரியில் நின்றது. நின்ற இடத்திலிருந்து தாங்களே எழுதிக்கொண்டு வருகிறோம் என்று உட்கார்ந்து, நான்கு மணிக்கு முடித்தார்கள். பக்கத்தில் இருப்பவர் திருத்துவது என்பதை நாங்கள் கைவிடாமல் வைத்திருந்ததற்கு அன்று மிகவும் சந்தோஷப்பட்டேன்.

சாட்ஜிபிடி பற்றிப் பெற்றோரும் கேட்டார்கள், பிள்ளைகளும் கேட்டார்கள். எங்கள் முடிவு: முதல் 13 நாள் வேண்டாம். பதினான்காம் நாள் எல்லோரும் அதைத் திறந்தோம். ஏற்கெனவே தாங்கள் எழுதிய தறிக்கூலி, பால் கணக்கு, ஜவ்வரிசி மூட்டைக் கணக்கை அதனிடம் கேட்டார்கள். அது எழுதிக் கொடுத்ததைப் படித்து, எங்கே சரி, எங்கே தங்கள் கணக்குக்குப் பொருந்தவில்லை என்று குறிக்கச் சொன்னோம். படிக்கத் தெரிந்த பிறகு கொடுத்ததால் அவர்களால் எதிர்க்கேள்வி கேட்க முடிந்தது. முதல் நாளே கொடுத்திருந்தால் 20 நிமிஷம் தனியாக உட்காரும் பழக்கமே வந்திருக்காது என்று உறுதியாக நினைக்கிறேன்.

சரியாக வராதவை

கடைசி நான்கு நாள் சி மொழி வைத்தது என் பிடிவாதம். 1972-இல் டென்னிஸ் ரிட்சி எழுதிய மொழி, பிஸீனே அதில்தான் நடக்கிறது, நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று புரிய வேறு வழியில்லை என்றெல்லாம் வாதாடி வைத்தேன். நினைவக முகவரியைக் குறிக்கும் பாய்ண்டர் வந்ததும் முகங்கள் முதல் வாரத்து முகங்களாக மாறிவிட்டன. நான்கு நாளில் அதைக் கொடுக்க முடியாது. ஒரு நல்ல விஷயம் நடந்தது. சி-யில் 'சேலம்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டபோது 15 என்றது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். மூன்று எழுத்து, ஐந்து குறி, பதினைந்து பைட் என்று சார்ட் அட்டையில் எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்திருக்க வேண்டும்.

முதலில் மாலை ஆறு மணி வரை வைத்திருந்ததும் தவறு. ஆத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் வீடு சேர இருட்டிவிடுகிறது. இரண்டாம் வாரம் நான்கரைக்கு முடித்தோம். வேலை ஒன்றும் குறையவில்லை.

ஃபோனுக்குப் பிறகு எட்டு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள், ஓமலூர்ப் பெண் உட்பட. இரண்டாம் வாரத்தில் இரண்டு பேர் நின்றார்கள், ஒருவன் அப்பா கடையைப் பார்த்துக்கொள்ள, ஒருத்தி பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று. 17 பேர் முடித்தார்கள். அவர்களில் ஏழு பேர் வெவ்வேறு கோடிங் பள்ளிகளின் நுழைவுத் தேர்வு எழுதி, நான்கு பேர் சேர்ந்தார்கள். அந்த நால்வரில் ஒருவன் இரண்டே மாதத்தில் வீட்டுச் சூழ்நிலையால் திரும்பிவிட்டான். பெரும்பாலானவர்கள் பொறியியலோ பிசிஏவோ சேர்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் கடைசி நாளில் "எனக்கு இது பிடிக்கலீங்கக்கா, கணக்குப்பதிவுதான் பிடிச்சிருக்கு" என்று தெளிவாகச் சொன்னாள். அதையும் பயிற்சியின் பலன் என்றே எண்ணுகிறேன். ஒரு வருஷமும் பெரிய கட்டணமும் போன பிறகு தெரிவதற்குப் பதில் 18 நாளில் தெரிந்தது.

கட்டணம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். பதினாறாம் நாள் பெற்றோரை அழைத்திருந்தோம். ஒரு தறிக்காரர் எழுந்து, "ஏங்க தம்பி, இதுல வேலை கிடைக்குங்களா?" என்று கேட்டார். நேராகக் கேட்டார், நேராகப் பதில் சொன்னோம்: இந்த மூன்று வாரத்தால் கிடைக்காது, அடுத்த ஒன்றிரண்டு வருஷ உழைப்பால் கிடைக்கலாம், உறுதி யாரும் தர முடியாது. இப்போது கட்ட வேண்டாம், வேலை கிடைத்ததும் சம்பளத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்று சொல்லும் பள்ளிகளின் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொன்னோம். அமெரிக்காவில் அந்த முறையைப் பரப்பிய ஒரு பள்ளி மீது 2024-இல் அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. அது கடன் அல்ல என்று மாணவர்களை நம்பவைத்தார்கள் என்பதும், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதைக் கூட்டிச் சொன்னார்கள் என்பதும் குற்றச்சாட்டில் இருந்தன. எத்தனை சம்பளத்துக்கு மேல் போனால் பங்கு தொடங்கும், எத்தனை மாதம், நடுவில் நின்றால் எவ்வளவு, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதியே கொடுத்தோம்.

திரும்பாத ஐந்து பேர்

அவர்களில் அந்த 98 மதிப்பெண் பெண்ணும் ஒருத்தி. அவளை நான் ஃபோனில் பிடித்தது வெள்ளிக்கிழமைதான். அதற்குள் அவள் வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. "இத்தன மார்க் வாங்கியும் முடியலன்னா அது உனக்கு வராது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது பி.காம் படிக்கிறாள். அந்தப் படிப்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் கேள்வி நோட்டு வந்தது ஐந்தாம் நாள். அவள் போனது மூன்றாம் நாள்.

இந்தக் கோடையில் இரண்டாம் தொகுதி. முதல் இரண்டு நாள் கோப்பு, ஃபோல்டர், தட்டச்சு மட்டும். சி மொழி இல்லை, 'சேலம்' கணக்கு உண்டு. நோட்டும் டைமரும் முதல் நாள் காலையிலேயே மேசைமேல் இருக்கும். முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, பிள்ளைகள் வீடு சேர்ந்த பிறகு, ஆளுக்கு எட்டுப் பேர் என்று பிரித்துக்கொண்டு மூன்று பேரும் எல்லோருக்கும் ஃபோன் செய்யப்போகிறோம். இன்றைக்கு எங்கே மாட்டினாய் என்று மட்டும் கேட்போம்.